கால்மாட்டுக் கல்

ஹார்ட்வெல் ஹாலோ, வெர்மான்ட்
1957 ஏப்ரல் 22

ஆரினுக்கு,

சௌக்கியமா என்று கேட்கும் பொறுமை இன்று எனக்கில்லை. போன மாதம் தாள்களை அனுப்பி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பு என்று எழுதினேன். கையெழுத்து வரவில்லை. இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள் வந்திருக்கின்றன. எரிந்துபோன கிடங்குகளுக்கு இழப்பீடு கொடுக்கலாமா கூடாதா என்று துருவிப் பார்ப்பது உன் உத்தியோகம். அதை டொலிடோவிலேயே வைத்துக்கொள். நம் தாத்தாவின் தாத்தா எதற்கும் தீ வைத்துவிட்டு உன்னிடம் பணம் கேட்கவில்லை.

மறுபடி சொல்கிறேன், இதுதான் கடைசித் தடவை. அணை எழும்பினால் பண்ணை, களஞ்சியம், மேப்பிள் தோப்பு எல்லாம் தண்ணீருக்குள். வீட்டைக் கொடுத்துவிட்டு மேட்டில் நூலகத்துக்கு மேலே இரண்டு அறைகளில் இருக்கிறேன், அதற்காக நான் அழவில்லை. ஆனால் பின்வயலில் நம் குடும்பத்தின் கல்லறைகள் இருக்கின்றன. இலையுதிர்வதற்குள் அவற்றைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். வாரிசு என்று யாராவது வந்து நின்றால், அவர்கள் சொல்கிற இடத்தில் எல்லோரையும் ஒன்றாகப் புதைப்பார்கள். யாரும் நிற்காவிட்டால் பொது இடுகாட்டில் எண் போட்டுப் புதைப்பார்கள். அப்பாவும் அம்மாவும் எண்ணாகிப் போக நான் விடமாட்டேன். தேவாலயத்துக்குப் பின்னால் இடம் பார்த்துவிட்டேன். பின்வயலில் இருப்பதிலேயே பழைய கல் ஜோதம் ஃபார்னமுடையது. ஜோதமிலிருந்து நம் இருவர் வரைக்கும் வம்சாவளி எழுதி, இது உண்மை என்று நாம் இருவரும் உறுதி சொல்ல வேண்டும். அப்பாவின் பிள்ளைகளில் மிச்சம் இருப்பது நாம் இருவர்தான். உன் கையெழுத்து இல்லாமல் என் கையெழுத்து செல்லாதாம்.

இதில் அணைக்காரர்களின் நில அளவையாளர் வேறு என் உயிரை வாங்குகிறார். பிரூட் என்று பெயர், நல்ல பையன்தான், ஆனால் எண்ணத் தெரியவில்லை. பதினான்கு கல்லறை என்று எழுதியிருக்கிறார். பதினைந்து என்றேன்.

"மிஸ் ஃபார்னம், உங்க தாத்தா ஓபெட் காலடியில இருக்கற அந்தச் சின்னக் கல்லையும் சேத்து எண்ணறீங்களா? அது கால்மாட்டுக் கல்லுங்க. எல்லாருக்கும் தலைமாட்டுல பெருசா ஒண்ணு, கால்மாட்டுல சின்னதா ஒண்ணு. அதுல எழுத்துகூட இல்ல."

"எழுத்து இல்லேன்னா ஆளும் இல்லையா?" என்றேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

பதினைந்து என்று திருத்திய தாளை இதோடு வைத்திருக்கிறேன். எப்படித் தெரியும் என்று கேட்காதே. கையெழுத்தைப் போடு.

யூனிஸ்


டொலிடோ, ஒஹாயோ
1957 மே 9

அன்புள்ள அக்கா,

கோபப்படாமல் படி. முடியாது என்று தெரியும், இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் வேலை விஷயமாக கனெக்டிகட் போக வேண்டியிருந்தது. ஜோதமின் அப்பா சிமியன் அங்கே ஒரு ஊரில் இருந்தவர், ஜோதம் அங்கேயிருந்துதான் வெர்மான்ட்டுக்கு ஏறி வந்தார் என்று நீயே எழுதியிருந்தாய். சரி, எட்டிப் பார்ப்போம் என்று அந்த ஊர்ப் பழைய இடுகாட்டுக்குப் போனேன். அரை நாள் மழையில் நனைந்தேன். மார்ஜரி கொடுத்த சாண்ட்விச்சும் நனைந்தது. கடைசியில் முழங்கால் உயரத்தில் ஒரு கல். சிறகு முளைத்த ஒரு முகம், கீழே: "ஜோதம், சிமியன் மற்றும் தேங்க்ஃபுல் ஃபார்னமின் மகன், 1754 ஆகஸ்டில் இறந்தான், வயது மூன்று."

பிறகு நகர அலுவலகத்துக்குப் போனேன். சிமியனுக்கு ஜோதம் என்று பதிவாகியிருக்கிற பிள்ளை ஒன்றே ஒன்றுதான், 1751. வேறு ஜோதம் இல்லை.

இப்போது நீ சொல். மூன்று வயதில் செத்த பையன் எப்படி வெர்மான்ட்டுக்கு வந்தான், எப்படிக் கல்யாணம் செய்தான், எப்படி ஒன்பது பிள்ளைகளைப் பெற்றான்? பின்வயலில் படுத்திருக்கிற ஜோதம் யாரோ ஒருவர். நமக்கும் சிமியனுக்கும் தொடர்பு இருக்கிறது என்று உறுதிமொழித் தாளில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? பொய் உறுதிமொழி கொடுத்தவர்களை வாரத்துக்கு இரண்டு பேர் பார்க்கிறேன் அக்கா. எல்லோருமே நல்லவர்கள்தான்.

சிமியனை விட்டுவிட்டு ஜோதமிலிருந்து ஆரம்பிக்கலாமே என்பாய். தாளில் சிமியனின் பெயரை மையில் எழுதியிருப்பது நீதான்.

ஆரின்


ஹார்ட்வெல் ஹாலோ
1957 மே 16

ஆரின்,

நீ மழையில் நனைந்தது எனக்கு வருத்தம். மூளைவரைக்கும் நனைந்துவிட்டது போலிருக்கிறது.

ஒரு பிள்ளை செத்துப்போனால் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அந்தக் காலத்து வழக்கம். நீ நனைந்து நின்றாயே, அதே இடுகாட்டில் இன்னும் நாலு வரிசை நடந்திருந்தால் ஒரே வீட்டில் மூன்று மேரி, இரண்டு ஈபன் என்று பார்த்திருப்பாய். பெயர் அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொந்தம் என்று அவர்கள் நினைக்கவில்லை. குடும்பத்துக்குச் சொந்தம். பாட்டனுடைய பெயர் தரையில் விழுந்தால் அடுத்தவன் எடுத்துக்கொள்ள வேண்டும். வம்சாவளி எழுத ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் முதல் வருஷத்திலேயே இதில் இடறி விழுவார்கள். நீ முதல் நாளிலேயே விழுந்துவிட்டு, பள்ளத்திலிருந்தபடி எனக்குப் பாடம் எடுக்கிறாய்.

பதிவில் இல்லை என்பது ஒரு பேச்சா? அந்த ஊரில் பிறந்த குழந்தைகளில் பாதிதான் பதிவில் இருக்கும். எழுத்தரிடம் நடந்துபோய்ச் சொன்னால்தான் பதிவு. தேங்க்ஃபுலுக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

அந்த ஜோதம் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. சுதந்திரப் போருக்குப் போகவில்லை. உன் மனைவி மார்ஜரி தன் போர்வீரர் வம்சத்துப் பெண்கள் சங்கத்தில் அவரை வைத்துப் பெருமை பேச முடியாது. வெண்ணெய்த் தொட்டி செய்து விற்றார். இங்கே வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஊர்க் காவலர் கதவைத் தட்டி, குடும்பத்தோடு வெளியேறு என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் ஒன்றும் இல்லாமல் வருகிறவர்களுக்கெல்லாம் அப்போது அப்படித்தான் சொல்வார்கள், நாளைக்கு ஊர் சோறு போட வேண்டி வந்துவிடுமோ என்கிற பயம். ஜோதம் சரி என்று சொல்லிவிட்டுப் போகாமலே இருந்துவிட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் போகாமலே இருந்து, கடைசியில் பின்வயலில் படுத்தார். இப்போது இரண்டாவது தடவையாக வெளியேறு என்கிறார்கள். இந்தத் தடவை யாராவது அவருக்காகப் பேச வேண்டும். நான் பேசுகிறேன். நீ பேனாவை எடுத்தால் போதும்.

யூனிஸ்


டொலிடோ
1957 ஜூன் 4

அக்கா,

வழக்கம், வழக்கம் என்கிறாய். வழக்கம் ஆதாரம் ஆகாது. கிடங்குகள் எரிவதும் வழக்கம்தான். அதற்காக ஒவ்வொரு கிடங்கும் தானாகவே எரிந்தது என்று நான் எழுதுவதில்லை.

சரி, யாரோ நாலு பேர் அப்படிப் பெயர் வைத்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பார். ஆகஸ்டில் பிள்ளையைப் புதைத்த ஒரு தாய், அடுத்த வருஷம் வாசலில் நின்று அதே பெயரைச் சொல்லி வேறொரு பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவாளா? மார்ஜரியிடம் கேட்டேன். "அந்தப் பேரு வாயில வருமா? தொண்டையிலயே நின்னுடும்" என்றாள். மனுஷத்தன்மை உள்ள எந்தத் தாயும் அதைச் செய்ய மாட்டாள்.

ஒன்று செய்கிறேன். பின்வயல் ஜோதம் 1754 ஆகஸ்டுக்குப் பிறகு பிறந்தவர் என்று ஏதாவது காட்டு. காட்டினால் ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பதினைந்தாவதை மட்டும் விட்டுவிடு. தாத்தாவின் கால்மாட்டுக் கல்லில் உட்கார்ந்துதான் நான் சின்ன வயசில் ஆப்பிள் தின்பேன். ஒருநாள் நீ வந்து தரதரவென்று இழுத்துக் கன்னத்தில் ஒன்று விட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? எதற்கு அடித்தாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாத்தாவின் காலில் உட்கார்ந்தால் அவருக்கு வலிக்கும் என்று நினைத்தாயோ என்னவோ.

ஆரின்


ஹார்ட்வெல் ஹாலோ
1957 ஜூன் 29

ஆரின்,

ஆதாரம் கேட்டாய். வாங்கிக்கொள்.

ஜோதமின் கல் வடக்குப் பார்த்தது. வெயில் நேராக அதன்மேல் விழுவதே இல்லை. பாசி ஏறி, பெயரும் 1829 என்ற வருஷமும் மட்டும்தான் இத்தனை நாளும் தெரிந்தது. வருஷத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது என்று விரலால் தடவினால் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. சுரண்டினால் கல் உதிரும். இதற்கு ஒரே வழி கண்ணாடி. வெயிலைக் கண்ணாடியில் பிடித்துக் கல்லின் பக்கவாட்டில் சாய்வாக அடித்தால், வெட்டின பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும்.

என் அறையிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றினேன். பக்கத்துப் பண்ணை லியான் கட்டிங் தன் டிராக்டர் வண்டியில் அதைப் படுக்கவைத்து, மேலே வைக்கோல் போட்டுக் கொண்டுவந்தார். வழியெல்லாம் பேச்சு.

"அம்பத்தி நாலு வயசுல கண்ணாடி பாக்க ஆசை வந்திருக்கு. வந்தது வந்துச்சு, வீட்டுல பாத்தா ஆகாதா?"

"உம்ம மூஞ்சி அதுல விழாம பாத்துக்கிட்டா போதும் லியான். உடைஞ்சிடும்."

பிரூட்டும் வந்து சேர்ந்தார். அவரைக் கல்லுக்கு முன்னால் மண்டிபோடச் சொல்லிவிட்டு நானும் லியானும் கண்ணாடியைப் பிடித்தோம். நான் மேலே என்றால் லியான் கீழே சாய்க்கிறார். வெளிச்சம் கல்லைத் தவிர எல்லா இடத்திலும் அடித்தது. லியானின் பசு ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணில் வெயில் பட்டு ஓடியே போய்விட்டது. "பால் வத்திப்போச்சுன்னா உங்க தாத்தாவுக்குத் தாத்தாகிட்டதான் கேப்பேன்" என்றார்.

பிறகு சரியாக விழுந்தது. பிரூட் உரக்கப் படித்தார்: "தன் வயதின் எழுபத்து நான்காம் ஆண்டில்."

கணக்குப் போடு. 1829-இல் எழுபத்து நான்காம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது என்றால் எழுபத்து மூன்று முடிந்திருந்தது. பிறந்தது 1755, இல்லையென்றால் 1756. நீ மழையில் பார்த்த பையன் செத்து ஒன்றிரண்டு வருஷத்துக்குள். அவன்தான் பெயரை விட்டுவிட்டுப் போனவன், இவர் எடுத்துக்கொண்டவர். தேங்க்ஃபுல் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். உன் மனைவியின் தொண்டையைப் பற்றி எனக்குத் தெரியாது.

பிரூட்டும் லியானும் சாட்சிக் கையெழுத்துப் போட்ட தாளை இணைத்திருக்கிறேன்.

யூனிஸ்


டொலிடோ
1957 ஜூலை 15

அக்கா,

ஒத்துக்கொள்கிறேன். கணக்கு சரி. கண்ணாடி விஷயத்தை அலுவலகத்தில் சொன்னேன், எல்லோரும் சிரித்துவிட்டு, அந்த அம்மாவுக்கு இங்கே வேலை கொடுக்கலாம் என்றார்கள்.

பதினான்கு கல்லறைக்கும் கையெழுத்துப் போடத் தயார். பதினைந்தை அடித்துவிட்டுப் புதுத் தாள் அனுப்பு. அதற்கு மட்டும் முடியாது. தாளின் வாசகத்தை நீ படித்தாயா? தனியாக ஒரு குழியைத் திறக்க வேண்டுமென்றால் அதில் இருப்பது யார், என்ன உறவு என்று நெருங்கிய சொந்தம் எழுத வேண்டும். நீ அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாய். காலியான இடத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவதா? இருபது வருஷமாக நான் மற்றவர்களைப் பிடித்ததெல்லாம் இந்த இடத்தில்தான்.

யாராவது ஏழை வேலையாளோ, வழிப்போக்கனோ என்றால் அதைச் சொல். இல்லை, உனக்கே தெரியாது என்றால் அதையும் சொல். கல்லைத் தண்ணீருக்கு விட்டுவிடு. கல்லுக்கு நீச்சல் தெரியாவிட்டால் பரவாயில்லை.

இன்னொன்று. ஜோதம் விஷயத்தில் நீ ஜெயித்துவிட்டாய், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அது இருநூறு வருஷத்துக்கு முன்னால், காட்டுமிராண்டிக் காலம். மனுஷர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். நம் வீட்டில் அப்படி ஒன்று நடந்தது என்று காட்டு, வாயை மூடிக்கொள்கிறேன்.

ஆரின்


ஹார்ட்வெல் ஹாலோ
1957 ஜூலை 19

ஆரின்,

உன் கடிதம் வந்தது. இன்று பதில் எழுதினால் கோபத்தில் எழுதுவேன். பொறு.

யூனிஸ்


ஹார்ட்வெல் ஹாலோ
1957 ஜூலை 24

தம்பி,

ஐந்து நாளாக யோசித்தும் இதைச் சொல்லாமல் உன்னிடம் கையெழுத்து வாங்க வழி தெரியவில்லை. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இத்தனை மாதமும் அதைக் காப்பாற்றத்தான் உன்னோடு இப்படி மல்லுக்கட்டினேன். உன் பிடிவாதம் என்னை ஜெயித்துவிட்டது. இப்போது திருப்தியா?

அந்தக் கல் தாத்தாவின் கால்மாட்டுக் கல் இல்லை. தாத்தாவுக்குக் கால்மாட்டுக் கல்லே வைக்கவில்லை. அது தலைமாட்டுக் கல். கீழே இருப்பவன் ஆரின்.

எனக்கு நாலு வயசில் அவன் பிறந்தான். உன்னைப் போல இல்லை, வாய் ஓயாமல் சிரிப்பான். ஆட்டுக்குட்டி மாதிரி என் பின்னாலேயே வருவான். 1910 ஜனவரியில் தொண்டை அடைப்பு நோய் வந்தது. எனக்கும் வந்தது, நான் பிழைத்தேன். அவனுக்கு மூன்று வயது முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. மண் இரும்பாகக் கிடந்தது, தோண்ட முடியாது. இங்கே குளிர்காலத்தில் சாகிறவர்கள் பனி உருகும்வரை காத்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். அப்பா பெட்டியைச் செய்து, மேப்பிள் பாகு காய்ச்சுகிற கொட்டகையில் உத்தரத்துக்குக் கீழே வைத்தார். அந்த வசந்தத்தில் நாங்கள் பாகு காய்ச்சவில்லை. ஊரில் எல்லாக் கொட்டகையிலும் ஆவி கிளம்பியது, எங்கள் கொட்டகையில் மட்டும் இல்லை. கொட்டகையைப் பார்த்தபடி இருந்த சமையலறை ஜன்னலுக்கு அம்மா துணி கட்டிவிட்டாள். ஏப்ரலில் அப்பா அவனைத் தாத்தாவின் காலடியில் வைத்து, வயலில் கிடந்த ஒரு கல்லைத் தலைமாட்டில் நட்டார். பிறகு நல்ல கல் வாங்கலாம் என்றார்.

அடுத்த வருஷம் நீ பிறந்தாய். மருத்துவச்சி உன்னைத் துடைத்துக் கையில் கொடுத்ததும், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அம்மா சொன்னாள், "ஆரின்." அப்பா, "லிடியா, யோசிச்சுச் சொல்லு" என்றார். அம்மா, "ஒரு வருஷமா அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாம வாய் செத்துக் கெடக்கு. இவனாவது திரும்பிப் பாக்கட்டும்" என்றாள். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

கல் வாங்கும் பேச்சு நீ நடக்க ஆரம்பித்த பிறகு வந்தது. அப்பா செதுக்குகிறவரிடம் சொல்லிவிட்டுக்கூட வந்துவிட்டார். அம்மா சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அந்தப் பேரப் போட்டுக்கிட்டு ஒருத்தன் முற்றத்துல ஓடிட்டிருக்கான். அதைக் கொண்டுபோய்க் கல்லுல வெட்டச் சொல்றீங்களா? என்னால முடியாது." அதனால்தான் எழுத்தில்லை. நாளாக ஆக எல்லோரும் அதைத் தாத்தாவின் கால்மாட்டுக் கல் என்று நினைத்தார்கள். அப்பாவே உன்னிடம் அப்படிச் சொன்னார்.

சாகும்போது அம்மா என்னிடம் வாக்கு வாங்கினாள். "அவனுக்குச் சொல்லாத. வேற ஒருத்தனோட பேர்ல வாழறோம்னு நெனச்சுக்குவான்." அம்மாவும் காட்டுமிராண்டிக் காலத்து ஆள் இல்லை, ஆரின். ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சட்டைக் கழுத்துக்குக் கஞ்சி போட்டவள்தான்.

நான் உன்னை அடித்தது எதற்கு என்று இப்போது தெரிந்ததா? ஆப்பிளைக் கடித்துக்கொண்டு அவன் தலைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாய். அன்று அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உன்னை அடித்ததற்காக என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள், "விடுடி. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கட்டும்."

கால்மாட்டுக் கல் என்றால் அங்கே தோண்ட மாட்டார்கள். எல்லோரும் மேட்டுக்கு வந்துவிடுவார்கள், அவன் மட்டும் தண்ணீருக்கு அடியில் இருப்பான். அம்மாவுக்குப் பக்கத்தில் அவன் வராவிட்டால் இத்தனை நாள் நான் செய்ததற்கு அர்த்தமே இல்லை. கல்லுக்கு நீச்சல் தெரியாவிட்டால் பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்கு உன்னை மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். தெரியாமல் எழுதினாய் என்று தெரியும், இருந்தாலும் ஆகும்.

காலியான இடத்தை நான் நிரப்பவில்லை. நீயே நிரப்பு.

அக்கா


டொலிடோ
1957 ஆகஸ்ட் 2

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதினைந்துக்கும்.

எனக்கு உன்மேல் கோபம். அம்மாமேல் கோபம். நாற்பத்தாறு வயசில் இதைச் சொன்னால் நான் என்ன செய்வது, சொல். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மார்ஜரி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், யாரையோ கூப்பிடுகிறாள் என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். நீ எனக்கு எழுதிய "உன்னைப் போல இல்லை, வாய் ஓயாமல் சிரிப்பான்" என்ற வரியையும் நான் மறக்க மாட்டேன். ஆக, கணக்குச் சரியாகிவிட்டது.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு பெயருக்கு எதிரே "ஆரின் ஃபார்னம்" என்று எழுதினேன். என் கையெழுத்தைத் தவறிப்போய் அங்கே போட்டுவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் பதறிவிட்டேன். அதற்குப் பக்கத்தில் உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் "அண்ணன்" என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பது உறைத்தது.

தோண்டுகிற நாளுக்கு முந்தின நாள் நான் அங்கே இருப்பேன். பிரூட்டிடம் சொல், அந்தப் பெட்டியை நான் தூக்குகிறேன். பெரிய எடை இருக்காது.

கல் செதுக்குகிறவரிடம் பேர் வெட்டச் சொல்லிவிடு. அம்மா ஏன் முடியாது என்றாளோ அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நாற்பத்தாறு வருஷம் அந்தப் பேரை நான் நன்றாகவே ஓட்டிவிட்டேன், கல்லில் அவனும் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் குறையாது. ஆனால் ஒன்று, அவன் பிறந்த வருஷம், இறந்த வருஷம் இரண்டையும் ஆழமாக வெட்டச் சொல். கல்லைத் தெற்குப் பார்த்து நடச் சொல். எனக்குக் கல் வைக்கும்போதும் அப்படியே. இல்லையென்றால் இன்னும் இருநூறு வருஷம் கழித்து எவனாவது ஒருவன் மழையில் நனைந்துகொண்டு வந்து நிற்பான். மூன்று வயதில் செத்த ஆரின் எப்படி டொலிடோவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டான் என்று தன் அக்காவுக்கு எழுதி அவள் உயிரை வாங்குவான்.

உன் சின்னத் தம்பி,
ஆரின்